கார்பன் ஃபைபர் வெட்டுவது: தூசி, சிலாம்பு, மின்சாரம் மூன்றிலும் மாட்டாமல் வேலை முடிக்க முழுமையான வழிகாட்டி

கார்பன் ஃபைபர் என்ற எடை குறைந்த, உறுதியான கரி இழைப் பொருள் சேலத்தில் பெரும்பாலும் மூன்று வகை ஆட்களின் கைக்கு வருகிறது. ட்ரோனும் ரேஸ் காரும் செய்கிற கல்லூரி மாணவர்கள், ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளை சைக்கிளில் ஏறுகிறவர்கள், பைக் பாகங்களை மாற்றிச் செய்து தரும் சிறு பட்டறைகள். மூவரும் வெட்டக் கற்றுக்கொள்வது சீக்கிரம். வெட்டி முடித்தபின் மாஸ்க்கைக் கழற்றி, ஃபேனைப் போட்டு, விளக்குமாற்றை எடுக்கும் அந்தக் கால் மணி நேரத்தில்தான் பலரும் மாட்டுகிறார்கள்.

அதனால் இந்த வழிகாட்டி சுத்தம் செய்யும் ஏற்பாட்டை வெட்டுக்கு முன்னால் வைக்கிறது. படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். இறுகிய தகடு, குழாய், உலர்ந்த துணி ஆகியவற்றுக்கு இது பொருந்தும். ரெசின் (இழைகளைச் சேர்த்து இறுக்கும் பிசின்) ஊறிய நிலையில் குளிரூட்டி வைத்து விற்கும் ப்ரீப்ரெக் பற்றி இங்கே பேசவில்லை.

1. கையில் இருப்பது எது என்று பாருங்கள்

உலர்ந்த துணியில் ரெசின் இல்லை. வெட்டும்போது இழைகள் உதிர்ந்து பறக்கும், தோலில் சுனை பட்டதுபோல் அரிக்கும். நுரையீரலைவிடத் தோலுக்கும் கண்ணுக்கும் மின்கருவிகளுக்கும்தான் இதனால் தொல்லை அதிகம்.

இறுகிய தகடும் குழாயும் அரைபடும்போது தூள் வரும். இது உலர்ந்த இழையைவிட மோசம். ஒரு கார்பன் இழையின் தடிமன் பெரும்பாலும் 5 முதல் 7 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தலைமுடி 70 மைக்ரான் அளவில் இருக்கும். நுரையீரலின் ஆழம் வரை போகக்கூடிய நார் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கில் எடுப்பது 3 மைக்ரானுக்கும் மெல்லியதை. முழு இழை அந்தக் கணக்கில் வராது. கல்நாரைப்போல் நீளவாக்கில் பிளக்காமல், சாதாரண கார்பன் இழை குறுக்கேதான் ஒடியும். ஆனால் ரம்பத்திலும் உப்புத்தாளிலும் அரைபட்டு வருவது ரெசின் பொடியும் ஒடிந்த துணுக்குகளும் கலந்த தூள். அதில் மிக நுண்ணியவை இருக்கின்றன, அவை ஆழம் வரை போகும். ‘கார்பன் இழை தடிமனானது, ஒன்றும் ஆகாது’ என்று யாராவது சொன்னால் பாதிதான் சரி.

மூன்றாவது வகை, நேற்று ரெசின் போட்டு இன்று தொட்டால் இறுகியதுபோலத் தெரிவது. இதைத் தேய்க்கவோ வெட்டவோ கூடாது. ரெசினை இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனர் முழுதாக வேலை முடிக்காமல் அந்தத் தூளில் இருக்கும். எப்பாக்ஸி என்ற ரெசின் வகையின் ஒவ்வாமை தொற்றிக்கொள்ள இது போதும். ஓர் ஓரத்தில் உப்புத்தாளை நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். வெள்ளையோ சாம்பலோ உலர்ந்த பொடி உதிர்ந்தால் சரி. தாளில் பிசுக்காக அடைத்தால் இன்னும் காத்திருங்கள்.

சேலத்து வெயிலில் ஒரு நாளில் இந்தச் சோதனையைத் தாண்டும் ரெசின், ஏற்காட்டின் குளிரில் தாண்டாது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம், அதோடு பனிமூட்டம். அங்கே பல ரெசின்களின் மேல் மெழுகு போன்ற வழுவழுப்புப் படலமும் படியும். காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் ஹார்டனர் சேர்ந்து உண்டாக்கும் படலம் அது. தேய்ப்பதற்கு முன் கையுறையோடு வெறும் தண்ணீரால் கழுவித் துடைத்துவிடுங்கள். கழுவாமல் தேய்த்தால் அது தூளோடு பறக்கும், அடுத்த பூச்சும் ஒட்டாது.

2. இடத்தைத் தயார் செய்யுங்கள்

சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். சித்திரை மாதத்தில் இதைக் கேட்கப் பிடிக்காதுதான். ஆனால் ஓடும் ஃபேன் தூளை அறை முழுக்கச் சுற்றவிட்டு, மறுநாள் நீங்கள் மாஸ்க் இல்லாமல் நுழையும்போது மூக்குக்குக் கொடுக்கும். வெக்கையைத் தவிர்க்கக் காலை 6 மணிக்குத் தொடங்கி 9 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

வீட்டுக்குள், சமையலறைப் பக்கம், குழந்தைகள் விளையாடும் வராந்தா எதுவும் வேண்டாம். தறிக் கொட்டகையில் ஓரிடம் கேட்டு வாங்கி வேலை செய்பவர்களும் யோசிக்க வேண்டும்: பஞ்சு படிந்த இடத்தில் கார்பன் தூள் கலந்தால் பிரிக்கவே முடியாது, தறி மோட்டார்களின் ஸ்டார்ட்டர் பெட்டிக்கும் அது ஆகாது.

மேசைமேல் தடித்த பிளாஸ்டிக் தாளை விரித்து, ஓரங்களைத் தரையில் தொங்கவிடாமல் மேலே மடித்து டேப் ஒட்டுங்கள். கொலுசுப் பட்டறைகளில் அரத்தூள் சிந்தாமல் பிடிக்கும் அதே முறைதான். அங்கே தூளுக்கு விலை உண்டு, இங்கே தூள் வெளியே போனால் நமக்கு விலை.

வெட்டுவதற்கு முன்பே இவை மேசையருகில் இருக்கட்டும்:

- ஒரு லிட்டர் தெளிப்பான் பாட்டில், தண்ணீரில் இரண்டு மூன்று சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்தது. சோப்புத் தண்ணீர் தூளில் சட்டென்று பரவி நனைக்கும். வெறும் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும்.
- பாதி தண்ணீர் நிறைத்த வாளி ஒன்று.
- தூக்கி எறியக்கூடிய துணித் துண்டுகள் அல்லது டிஷ்யூ, ஒரு கட்டு.
- தடித்த பிளாஸ்டிக் பைகள், கட்டும் கயிறு.
- மிக நுண்ணிய தூளையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள வெட் அண்ட் டிரை வாக்குவம் கிளீனர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஈர முறையிலேயே முழுவதையும் செய்யுங்கள். வீட்டு வாக்குவம் கிளீனர் வேண்டாம். அதன் பை பெரிய தூசியைப் பிடித்து நுண்ணியதைப் பின்பக்கம் அறைக்குள்ளேயே ஊதும். உள்ளே நுழையும் கார்பன் மோட்டாரையும் கெடுக்கும்.

டீ டம்ளர், தண்ணீர் பாட்டில், பிஸ்கட் எதுவும் அறைக்குள் வரக்கூடாது. டீ கொண்டுவரும் பையனிடம் வாசலிலேயே வைக்கச் சொல்லிவிடுங்கள்.

3. மின்சாரத்தை மறக்காதீர்கள்

பிளாஸ்டிக்போலத் தெரிந்தாலும் கார்பன் இழை மின்சாரம் கடத்தும். ட்ரோன் செய்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், பட்டறையில் மட்டும் மறந்துவிடும். லேப்டாப், பவர் சப்ளை, சால்டரிங் ஸ்டேஷன், 3டி பிரிண்டர் அனைத்தையும் வேறு அறைக்கு மாற்றுங்கள். மாற்ற முடியாததைப் பிளாஸ்டிக்கால் முழுக்க மூடுங்கள். சர்க்யூட் போர்டில் இரண்டு கால்களுக்கு இடையே ஓர் இழை விழுந்தால் போதும், ஷார்ட் ஆகும்.

பிளக் பாயின்ட், டிபி பாக்ஸ், ஈ.பி. மீட்டர் பெட்டிக்குக் கீழே வெட்டாதீர்கள். மின்கருவி பயன்படுத்தினால் அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்க வேண்டும், எர்த் சரியாக இருக்க வேண்டும். தண்ணீர் தெளித்து வெட்டுவதென்றால் கைக்கருவி, இல்லையேல் பேட்டரியில் ஓடும் கருவி. ஒயர் கருவியோடு தண்ணீர் சேர்க்காதீர்கள்: கார்பன் கலந்த தண்ணீர் வெறும் தண்ணீரைவிட நன்றாகக் கடத்தும்.

மொட்டை மாடியில் காற்றோட்டமாக வேலை செய்யலாம் என்று பலர் குழாயைத் தூக்கிக்கொண்டு மேலே போகிறார்கள். சந்துகளில் மின்கம்பி மாடிச்சுவரை ஒட்டியே போகும். 2 மீட்டர் கார்பன் குழாய் அதைத் தொட்டால் இரும்புக் கம்பி தொட்டதுபோலத்தான். உயரழுத்தக் கம்பியானால் தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே பாயும். நீளக் குழாயைப் படுக்கைவாட்டில் பிடித்துத்தான் படி ஏற வேண்டும். கம்பி ஓடும் மாடியில் இந்த வேலையே வேண்டாம்.

4. உடலில் என்ன இருக்க வேண்டும்

மாஸ்க்: நீல நிற சர்ஜிக்கல் மாஸ்க், கைக்குட்டை, துண்டு மூன்றும் கணக்கில் வராது, ஓரங்களில் காற்று அப்படியே நுழையும். குறைந்தபட்சம் ஐஎஸ் 9473 முத்திரையுள்ள எஃப்எஃப்பி2, அல்லது என்95. மாதத்தில் பல முறை வெட்டுபவர் என்றால் பி100 அல்லது பி3 ஃபில்டர் போட்ட, பாதி முகம் மூடும் ரப்பர் மாஸ்க் வாங்கிவிடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் முகத்தோடு நன்றாகப் பொருந்தும், வியர்வையில் தொய்யாது. காதில் மாட்டுவதைவிடத் தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை வருவது நன்றாக இறுகும்.

போட்டவுடன் இரு கைகளாலும் மாஸ்க்கை மூடி மூச்சை இழுத்துப் பாருங்கள். உள்வாங்கிக் கன்னத்தோடு ஒட்ட வேண்டும். மூக்கோரம் காற்று கசிந்தால் கிளிப்பை அழுத்துங்கள். தாடி இருந்தால் இந்த வகை எதுவும் இறுகாது; மாஸ்க் ஓரம் படும் இடத்தையாவது மழித்துக்கொள்ளுங்கள். ரெசின் கலக்கும்போது வரும் வாடையைத் தூசி மாஸ்க் தடுக்காது. அதற்கு ஆவி பிடிக்கும் கார்ட்ரிட்ஜ் வேறு.

கண்: பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி. பவர் கண்ணாடி போட்டிருப்பவர்கள் அதற்கு மேலேயே போடக்கூடிய காகிள்ஸ் வாங்குங்கள். கான்டாக்ட் லென்ஸோடு இந்த வேலைக்கு வராதீர்கள். தூள் லென்ஸுக்கு அடியில் போனால் எடுப்பது பெரும்பாடு.

உடை: பழைய முழுக்கைச் சட்டை, பேன்ட், ஷூ. கைலியும் ரப்பர் செருப்பும் சேலத்துப் பட்டறைகளின் சீருடை என்று தெரியும், இதற்கு மட்டும் விட்டுக்கொடுங்கள். மணிக்கட்டில் கையுறையையும் சட்டைக் கையையும் சேர்த்து மாஸ்கிங் டேப்பால் ஒரு சுற்று. தூள் நுழைந்து அரிப்பு தொடங்குவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான்.

கையுறை: தகட்டைத் தூக்க, குழாயின் வெட்டு முனையைப் பிடிக்க, வெட்டு தாங்கும் கையுறை. தேய்க்கவும் ரெசின் தொடவும் நைட்ரைல். டிரில், ரோட்டரி கருவி சுழலும் பக்கத்தில் பின்னிய கையுறை கூடாது. நூல் மாட்டினால் விரலையும் இழுத்துவிடும். அசிட்டோனால் துடைக்கும்போது நைட்ரைல் சில நிமிடங்களில் ஊறித் தளரும், உடனே மாற்றுங்கள்.

தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் தூள் ஒட்டாது என்று சிலர் சொல்லித் தருகிறார்கள். எண்ணெயில்தான் தூள் இன்னும் நன்றாக ஒட்டும். ஒட்டவேண்டிய பரப்பில் எண்ணெய்க் கை பட்டால் ரெசினும் பிடிக்காது.

5. துணி வெட்டுதல்

வெட்டும் கோட்டின்மேல் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, டேப்பின் நடுவே வெட்டுங்கள். இழை பிரியாது, உதிராது. கூரான கத்தரி அல்லது ரோட்டரி கட்டர். மழுங்கிய கத்தரி இழையை வெட்டாமல் மெல்லும், பறக்கும் இழை அதில்தான் அதிகம். இந்தக் கத்தரியை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். துணியை உதறி மடிக்காதீர்கள். அட்டைக் குழாயில் சுருட்டி வையுங்கள்.

6. குழாய் வெட்டுதல்

சைக்கிள் ஃபோர்க்கின் ஸ்டீரர் குழாய் (ஹேண்டில்பாரைத் தாங்கும் மேல் குழாய்), சீட் போஸ்ட், ட்ரோன் கை எல்லாம் இதில் அடக்கம். கிரைண்டர் வேண்டாம், ஆக்ஸா பிளேடு போதும். அங்குலத்துக்கு 32 பல் உள்ளது, அல்லது பல்லே இல்லாமல் கார்பைடு துகள் ஒட்டிய பிளேடு. சாதாரணப் பெரும்பல் பிளேடு இழையைக் கொக்கிபோல் இழுத்துக் கிழிக்கும்.

முதலில் வெட்டுக்கோட்டைச் சுற்றி மாஸ்கிங் டேப் இரண்டு சுற்று. கோட்டை டேப்பின் மேலேயே போடுங்கள். அடுத்து, குழாய்க்குள் வெட்டு விழும் இடத்துக்குச் சற்று உள்ளே ஈரத் துணியை அடைத்துவையுங்கள். இதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். வெட்டும் தூளில் கணிசமான பங்கு குழாய்க்குள் விழுகிறது. பிறகு குழாயைத் தலைகீழாகத் தட்டும்போது முகத்துக்கு நேராகக் கொட்டுகிறது.

வைஸில் நேரடியாகப் பிடித்தால் குழாய் நசுங்கும். வெளியே தெரியாமல் உள்ளே அடுக்கு பிரிந்துவிடும், ஓட்டும்போது உடையும். வி வடிவில் வெட்டிய இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே பிடியுங்கள். ஸ்டீரருக்கு அதற்கென விற்கும் சா கைடு இருந்தால் வெட்டும் நேராக விழும்.

தெளிப்பானால் நனைத்துக்கொண்டு நீளமான, அழுத்தமில்லாத இழுப்புகள். பத்துப் பதினைந்து இழுப்புக்கு ஒருமுறை மறுபடி தெளியுங்கள். கருப்புக் குழம்பாக வழிந்தால் சரியாகப் போகிறது என்று அர்த்தம். உலர்ந்த தூள் தெரிந்தால் நிறுத்தித் தெளியுங்கள். முக்கால் பங்கு வெட்டியதும் குழாயைத் திருப்பி எதிர்ப்பக்கத்திலிருந்து வாருங்கள். ஒரே பக்கமாகக் கடைசிவரை அறுத்தால் துண்டின் எடை கடைசி இழைகளைக் கிழித்து நீளச் சிலாம்பாக நிறுத்தும்.

முனையை 400 வாட்டர் பேப்பரால் தண்ணீரோடு, வெளியிலிருந்து உள்நோக்கி ஒரே திசையில் தேய்த்து, துடைத்து, நன்றாக உலரவிட்டு, மெல்லிய சூப்பர் க்ளூவை ஓரமாக ஓடவிடுங்கள். தளர்ந்த இழைகள் அடங்கும். க்ளூவைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்காதீர்கள். பருத்தியோடு சேர்ந்தால் அது சூடேறிப் புகையும், தோலைச் சுடும். ஸ்டீரரை எந்த அளவுக்குக் குறைக்கலாம் என்பது ஃபோர்க் செய்தவர் கொடுத்த அளவுப்படிதான்.

7. தகடு வெட்டுதல்

1 மில்லிமீட்டர் வரையிலான தகட்டை இரும்பு ஸ்கேல் வைத்து, கார்பைடு முனைக் கீறியால் இரு பக்கமும் பல முறை கீறி அறுக்கலாம். நேரமாகும், ஆனால் தூள் குறைவு.

அதைவிடத் தடித்ததற்கு எளிய வழி, தண்ணீர்த் தட்டு. அகலமான பிளாஸ்டிக் டிரேயில் வெட்டுக்கோடு மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி, தகட்டை ஒரு மரத்துண்டோடு கிளாம்ப் போட்டு, தண்ணீருக்குள்ளேயே கைரம்பத்தால் அறுங்கள். தூள் காற்றுக்கே வராது.

நேர்வெட்டு நீளமாக இருந்தால் ஜிக்சாவும் கார்பைடு துகள் பிளேடும். இது உலர் வெட்டு என்பதால் வாக்குவம் குழாயின் வாயை பிளேடுக்குப் பக்கத்தில் டேப்போடு கட்டுங்கள்; ஒரு சாண் தள்ளி வைத்தால் பாதித் தூள் தப்பிவிடும். அடியில் பழைய பிளைவுட், இரு பக்கமும் டேப், குறைந்த வேகம். எரிந்த வாடை வந்தால் ரெசின் கருகுகிறது. அழுத்தத்தைக் குறையுங்கள், பிளேடு மழுங்கியிருந்தால் மாற்றுங்கள்.

4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கும் மேல் ஓடும். அது அள்ளி வீசும் தூளை எந்த வாக்குவமும் முழுதாகப் பிடிக்காது. புதியவர் கையில் இது வேண்டாம்.

கல்யாணப் பத்திரிகையும் அக்ரிலிக்கும் வெட்டும் லேசர் கடையில் கொடுத்தால் அழகாக வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். அந்தக் கதிரில் ரெசின் எரிந்து நச்சுப் புகை வரும், இழை சரியாக அறுபடாமல் ஓரம் கருகி நிற்கும். ஒரே வடிவத்தில் பத்துப் பதினைந்து துண்டு வேண்டுமென்றால் கணினிக் கட்டுப்பாட்டில் வெட்டும் சிஎன்சி ரூட்டர் உள்ளவரிடம் கொடுப்பதே மேல். மேசை மூடிய பெட்டிக்குள் இருக்கிறதா, தூள் உறிஞ்சும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். மரம் மட்டுமே வெட்டிப் பழகியவர் என்றால், தூள் மின்சாரம் கடத்தும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவருடைய கன்ட்ரோலர் போர்டு போனபின் சொல்வது முறையல்ல.

8. துளையிடுதல்

கார்பைடு பிட் வாங்குங்கள். சாதாரண எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட் சில துளைகளிலேயே மழுங்கும். மழுங்கியபின் அடுக்குகளைத் தள்ளிப் பிரிக்கும். அடியில் பிளைவுட் துண்டை இறுக்கமாக கிளாம்ப் செய்யுங்கள், மேலேயும் கீழேயும் டேப். 3 மில்லிமீட்டர் துளைக்கு நிமிடத்துக்கு 2,500 முதல் 3,000 சுற்று, மெல்லிய அழுத்தம், கடைசி அரை மில்லிமீட்டரில் கையை இன்னும் தளர்த்துங்கள். அடித்தளம் இல்லாமல் ஓட்டினால் பின்பக்க அடுக்கு பூப்போல் விரியும்.

துளை போட்டதும் குனிந்து வாயால் ‘ஃபூ’ என்று ஊதுவது மரவேலையிலிருந்து வரும் பழக்கம். புதிதாக வருபவர்கள் கிட்டத்தட்ட அனைவரும் ஊதுகிறார்கள், அதுவும் மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டு. துளைமேல் ஈர டிஷ்யூவை ஒற்றி எடுங்கள். பக்கத்தில் நிற்கும் நண்பரிடம் இதைக் கவனிக்கச் சொல்லுங்கள், ஊதுபவருக்குத் தான் ஊதுவது தெரியாது.

9. தேய்த்தல்

மிக நுண்ணிய தூள் வருவது இங்கேதான். வாட்டர் பேப்பர் 240, 400, 800 என்ற வரிசையில், சோப்புத் தண்ணீரோடு, ரப்பர் அல்லது மரக்கட்டையில் சுற்றிக் கையால் தேயுங்கள். தாளை அடிக்கடி வாளியில் அலசுங்கள்.

சேலத்தில் கவனிக்க வேண்டியது வேகம். மேசையில் தெளித்த கருப்புக் குழம்பு மதிய வெயிலில் நிமிடங்களில் காய்ந்துவிடும். காய்ந்த கணத்திலிருந்து அது மறுபடி தூள்தான். ஒரு கை நீளத்துக்குத் தேய்த்ததும் ஈரத்தோடேயே டிஷ்யூவால் வழித்துப் பையில் போடுங்கள். ‘எல்லாம் முடித்துவிட்டு மொத்தமாகத் துடைக்கலாம்’ என்று விட்டால் ஈரமுறையால் கிடைத்த பலன் அத்தனையும் போய்விடும்.

10. சுத்தம் செய்யும் வரிசை

வேலை முடிந்தது என்று மாஸ்க்கைக் கழற்றாதீர்கள். அது கடைசியில்தான் கழல வேண்டும்.

முதலில் கருவிகளை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, மேசைமேல் முழுக்க ஒருமுறை தெளியுங்கள். வாக்குவம் இருந்தால் உலர்ந்த இடங்களை முதலில் இழுத்துவிட்டு அப்புறம் தெளிப்பது. ஈரத் துணியை நாலாக மடித்து, ஒரே திசையில் இழுத்து, அழுக்கான மடிப்பை உள்ளே திருப்பி அடுத்த மடிப்பால் தொடருங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் துடைக்கிற தூளையே மறுபடி பூசுவீர்கள். மேலிருந்து கீழாக: அலமாரி விளிம்பு, ஃபேன் இறக்கை, மேசை, கருவி, கடைசியில் தரை.

விளக்குமாறு கூடாது. கம்ப்ரஸர் காற்று அறவே கூடாது. பட்டறைகளில் வேலை முடிந்ததும் ஏர் கன்னால் சட்டையை ஊதிக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. கார்பன் வேலையில் அது இழையைச் சட்டைக்குள்ளும் தோலுக்குள்ளும் அனுப்பும்.

மேசையில் விரித்த பிளாஸ்டிக் தாளை உள்நோக்கிச் சுருட்டிப் பைக்குள் போடுங்கள். வாளித் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். ஒரு ராத்திரி அசையாமல் விட்டால் தூள் அடியில் படியும். மேல் தண்ணீரைப் பழைய துணியில் வடிகட்டி ஊற்றிவிட்டு, அடி வண்டலை டிஷ்யூவால் வழித்துப் பையில் சேருங்கள்.

கழற்றும் வரிசை: வெளிக் கையுறையை ஈரத் துணியால் துடைத்துக் கழற்றுவது, சட்டையை உட்புறம் வெளியே வரும்படி கழற்றிப் பையில் போடுவது, கண்ணாடி, கடைசியாக மாஸ்க், அதுவும் அறைக்கு வெளியே வந்து, பின்பட்டையைப் பிடித்து. அதே சட்டையோடு வண்டியில் ஏறிப் போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள். வேலை உடையைத் தனியாக அலசித் தனியாகத் துவையுங்கள். வீட்டுத் துணியோடு ஊறப்போட்டால் இரண்டு நாள் வீடே அரித்துக்கொண்டிருக்கும்.

11. உடலில் பட்டால்

அரிப்பு: சொறியாதீர்கள். அகலமான டேப்பை அந்த இடத்தில் ஒற்றி எடுங்கள், இரண்டு மூன்று முறை புது டேப்பால். பிறகு ஓடும் குளிர்ந்த தண்ணீரில் தேய்க்காமல் அலசி, அதற்கப்புறம்தான் சோப்பு. வெந்நீரும் பீர்க்கங்காய் நாரும் இழையை இன்னும் அழுத்தும்.

ரெசின் கையில் பட்டால் அசிட்டோனாலோ தின்னராலோ துடைக்காதீர்கள். தோலின் எண்ணெயை எடுத்துவிட்டு ரெசினை உள்ளே போக வழி செய்யும். டிஷ்யூவால் வழித்து, சோப்பு போட்டுக் கழுவுங்கள். ஒருநாள் இரண்டுநாள் கழித்துச் சிவந்து தடித்தால் ஒவ்வாமை தொடங்கியிருக்கலாம். எப்பாக்ஸி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் போகாது, அடுத்தமுறை சிறு அளவுக்கே பொங்கும். தோல் மருத்துவரைப் பாருங்கள், ரெசின் டப்பாவின் படத்தையும் எடுத்துப் போங்கள்.

சிலாம்பு: நம் தோல் நிறத்தில் கருப்பு இழை எளிதில் தெரியாது. டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, பூதக்கண்ணாடியால் தேடுங்கள். நுனி வெளியே இருந்தால் நுழைந்த கோணத்திலேயே சாமணத்தால் மெதுவாக இழுக்கவேண்டும். அழுத்திப் பிதுக்கினால் உள்ளேயே ஒடியும். ஒடிந்து உள்ளே நின்றால் ஊசியால் தோண்டாமல் மருத்துவரிடம் போங்கள். கார்பன் எக்ஸ்ரேயில் தெரிவது கடினம். குத்தியது கார்பன் ஃபைபர் என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். இல்லையென்றால் ‘ஒன்றும் இல்லை’ என்று அனுப்பிவிட வாய்ப்புண்டு. டி.டி. ஊசி எப்போது போட்டது என்பதையும் சொல்லுங்கள்.

கண்: கசக்காதீர்கள். சுத்தமான ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் திறந்து கழுவுங்கள். உறுத்தல் நின்றாலும் அன்றைக்கே கண் மருத்துவர். வேலைக்குப் பிறகு இருமல் நிற்காமலோ மூச்சு இழுத்தாலோ காத்திருக்க வேண்டாம். சேலம் அரசு மருத்துவமனைக்கோ பக்கத்து மருத்துவரிடமோ போங்கள். மூச்சு மிகவும் திணறினால் 108.

12. கழிவு

தூளும் துடைத்த துணியும் ஈரமாகவே ஒரு பையில், அதை இன்னொரு பையில் வைத்துக் கட்டுங்கள். கூரான துண்டுகளை அட்டையில் சுற்றி டேப் ஒட்டி, மேலே ‘கூர்மையானது’ என்று தமிழில் பெரிதாக எழுதுங்கள். மாநகராட்சி வண்டியில் குப்பை பிரிப்பவர் வெறுங்கையால் பிரிப்பார்.

எரிக்கவே கூடாது, போகிக்குக்கூட. ரெசின் புகை நச்சு. அதோடு, நெருப்பில் கார்பன் இழை எரிந்து மெலிகிறது. மூக்கிலேயே நின்றிருக்கவேண்டிய இழை அப்போது நுரையீரலுக்குள் போகும் அளவுக்கு வந்துவிடும், காற்றில் பறந்து மின்பெட்டிகளிலும் விழும்.

மீந்த ரெசினைக் கப்பில் அப்படியே விடாதீர்கள். 200 கிராம் கலவை கோடையில் தானாகச் சூடேறிப் புகைந்து கப்பை உருக்கும். அகலமான தகர மூடியில் மெல்லிசாகப் பரப்பி, வெளியே, எரியும் பொருள் பக்கத்தில் இல்லாமல் இறுகவிடுங்கள். இறுகியபின் குப்பையில் போடலாம். அசிட்டோன் நனைந்த துணியை மூடிய அறையில் குவிக்காமல் திறந்தவெளியில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில் விரித்து உலர்த்துங்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஓடிப் போய்ப் பற்றும்.

வைத்துக்கொள்ளத் தக்க மீதித் துண்டுகளின் எல்லா ஓரங்களிலும் டேப் ஒட்டி, குழாய் முனைகளை மூடி, கை தற்செயலாகப் படாத உயரத்தில் படுக்கவையுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது எந்த முனை க்ளூ போடாதது என்று தெரிய, அந்த முனையில் சிவப்பு டேப்.